எமிலியானா சிஸ்டரின் புத்தகச் சுவர்

என்ர அன்பான எமிலியானா சிஸ்டருக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தெட்டு நாள். சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்க முதல் யாராவது நாலு வார்த்தை வாசிக்க வேணுமாம். நூலக ரீச்சர் என்றபடியால் அது என்ர தலையில் விழுந்தது. மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால் வெள்ளவத்தையில், என்ர குசினி மேசையில் இருந்து, உங்களுக்கே கடிதமாக எழுதுகிறேன். மற்றவை பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

முதலில் ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவர் வேணும் என்று முதலில் கை தூக்கியது நான்தான்.

எந்தச் சுவர் என்று கேட்பீர்கள். எங்கட பள்ளிக்கூடத்து நூலகத்துக்கும் சிற்றாலயத்துக்கும் நடுவே நிற்கிறதே புத்தக அலுமாரி, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்லும் சீமெந்துமாகச் சுவர் கட்டப் போகினம். பழைய மாணவிகள் சங்கத்தின் யோசனை. உங்கட பெயரில் ஏதாவது செய்ய வேணும் என்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கேட்டிருக்கினம். புத்தகங்கள் மேல்மாடிக்குப் போகும். நூலகம் இருந்த பக்கம் கொம்பியூட்டர் அறை வரும். உங்கட பக்கம் அப்படியே சிற்றாலயமாக இருக்கும், சுவரில் உங்கட பெயர் வெட்டிய கல் ஒன்று பதிப்பார்கள்.

சங்கத் தலைவி மிஸிஸ் ஜோக்கிம் கூட்டத்தில் எழும்பி, "பாவம் சிஸ்டர். ஒம்பது வருஷம் இந்தப் பிள்ளைகள்ட சத்தத்துக்குள்ள இருந்துதானே ஜெபம் பண்ணினாங்க. இனியாவது அவங்க பேர்ல அமைதியா ஒரு கோயில் இருக்கட்டும்" என்று சொன்னா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ திரும்பக் கதிரையில் இருக்க முதலே என்ர கை மேலே போய்விட்டது. நான் தூக்கின பிறகுதான் மற்ற ரீச்சர்மாரும் தூக்கிச்சினம்.

சீமெந்து மூட்டைகள் வந்து வராந்தாவில் அடுக்கிக் கிடக்கின்றன. போகிற வருகிற நேரமெல்லாம் என்ர சேலைக் கரையில் சாம்பல் பூசுகிறது. சனிக்கிழமை தேத்தண்ணிக்குப் பிறகு கடைசி முடிவு எடுப்பார்கள், திங்கட்கிழமை மேசன் பாஸ் வருவார். அதற்கிடையில் நான் அந்தக் கையை இறக்க வேணும்.

அலுமாரி எப்படி வந்தது என்று இப்போது இருக்கிற இளம் ரீச்சர்மாருக்குத் தெரியாது. அவைக்காக ஒருக்கால் சொல்கிறேன், நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேணும். நடுவில் திருத்தம் சொல்லக்கூடாது.

நான் இந்தக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது இங்கே நூலகமும் இல்லை, சிற்றாலயமும் இல்லை. நூலகம் என்பது அதிபரான உங்கட அறையில் இருந்த ஒரு பூட்டுப்போட்ட அலுமாரி. சிற்றாலயம் ஒரு காலத்தில் இருந்ததாம். வடக்கில் இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து, லொட்ஜ் லொட்ஜாகக் குடியிருந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கட வாசலில் நின்றபோது, வகுப்பறை காணாது என்று நீங்களே பீடத்தைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு அதை ஒன்பதாம் வகுப்பு ஆக்கிவிட்டீர்கள். அதுக்குப் பிறகு மடத்துச் சிஸ்டர்மார் எல்லோரும் தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில், வராந்தாவில் முழங்காலில் நின்றுதான் செபம் சொன்னீர்கள். மோட்டர் போட்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. சாமிக்குக் கேட்டிருக்கும் என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

மிஞ்சி இருந்தது துறைமுகத்துப் பக்கம் ஜன்னல் வைத்த பழைய தையல் அறை ஒன்றுதான். அதை நூலகத்துக்குக் கேட்டு நான் உங்களிடம் வந்தேன். நான் கொஞ்சம் முற்கோபக்காரி, வந்த வேகத்தில் கத்தியும்விட்டேன். "லொட்ஜில இருக்கிற பிள்ளையளுக்குப் படிக்க மேசை இல்லை, லைற் இல்லை, ஒரு அறையில ஆறு பேர். கட்டிலுக்குக் கீழ இருந்து படிக்குதுகள். நீங்கள் என்னெண்டால் கோயில் கட்டப் போறியளாம்!" என்றேன். பழைய மாணவிகள் அந்த அறையைச் சிற்றாலயத்துக்கென்று கேட்டிருப்பது எனக்குக் காதில் விழுந்திருந்தது.

வேறு அதிபர் என்றால் அன்றைக்கே என்னைத் தூரத்துப் பள்ளிக்கூடம் எதுக்காவது மாற்றி அடித்திருப்பா. நீங்கள் கதிரையைக் காட்டினீர்கள். "இருங்க தங்கச்சி. ஒங்களுக்கு ஒரு அறை வேணும், எனக்கு ஒரு அறை வேணும். இருக்கிறது ஒண்ணு. சண்ட புடிக்கலாமா, பாதி பாதியா எடுக்கலாமா?"

அன்றைக்குத்தான் முதல்முதல் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. வீட்டுக்குப் போய் இவரிடம், "அந்த மனுசி என்னைத் தங்கச்சி எண்டு சொல்லுது, இனி எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

பாதி பாதி என்றால் நடுவில் மறைப்பு வேணும். சுவர் கட்ட அப்போது வழியில்லை. அலுமாரியையே மறைப்பாக வைப்போம் என்று சொன்னது நீங்கள். கூரை முட்ட, அறைக்குக் குறுக்காக, பின்பலகை இல்லாத அலுமாரி. என்ர பக்கம் புத்தகங்களின் முதுகு, உங்கட பக்கம் தாள் ஓரம். "வெள்ள அடிக்கிற வேலயும் மிச்சம்" என்றீர்கள். தச்சு பாஸ் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு பொம்பிளைகளுக்கும் விசர் என்று அவர் சிங்களத்தில் உதவிக்காரரிடம் சொன்னதை எனக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எனக்கே விளங்கியது.

அலுமாரி எழும்பின பிறகுதான் பங்குப் பாதர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. பதினொரு தட்டும் வெறும் தட்டாக நின்றது. ஊடாகப் பார்த்தால் இந்தப் பக்கம் நான் நிற்பது அந்தப் பக்கம் தெரியும்.

"சிஸ்டர், இது சுவர் இல்ல, அலுமாரி" என்றார்.

"நெறஞ்ச அலுமாரி சுவர்தானே பாதர்?"

பாதர் யோசித்தார். நற்கருணை அப்பம் வைக்கிற இடத்துக்கும் பிள்ளைகள் வந்து போகிற இடத்துக்கும் நடுவே ஒழுங்கான மறைப்பு இல்லாமல் தான் எப்படி வைப்பது என்று கேட்டார். பிறகு ஒரு முடிவு சொன்னார். "மாதா திருநாளுக்கு வாறேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வரலன்னா நற்கருணைய வைக்கிறேன். வந்திச்சின்னா அலுமாரிய எடுத்திடுங்க, முழு அறையும் கோயிலாயிடட்டும்." பக்கத்தில் நின்ற மிஸிஸ் ஜோக்கிம் தலையைத் தலையை ஆட்டினா. கோபிக்காதேங்கோ மிஸிஸ் ஜோக்கிம், ஆட்டினது உண்மைதானே.

திருநாளுக்கு மூன்று மாசம் இருந்தது. உங்கட அறைப் புத்தகங்கள் முழுவதையும் கொண்டுவந்து அடுக்கினேன். இரண்டு தட்டுக்குக்கூடக் காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேல்தட்டு வரைக்கும் பார்த்தீர்கள். "வெள்ளவத்தைல யாரு யாரு பயணம் போறாங்க, தங்கச்சி?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்வி எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கட ஒழுங்கையில் மாசத்துக்கு ஒரு வீடு கனடா, லண்டன் என்று வெறுமையாகிக்கொண்டிருந்த காலம். பிளேனில் இவ்வளவு நிறைதான் என்று கணக்கு. மிளகாய்த்தூள் போகும், சாமிப்படம் போகும், கல்யாண அல்பம் போகும். புத்தகம் போகாது. விற்க மனம் வராமல், எறியவும் மனம் வராமல், கடைசி நாள்வரை சுவர் ஓரத்தில் குவிந்து கிடக்கும். பயணம் போகிற வீட்டுக்குச் சனம் கண்ணீரோடு விடைசொல்லப் போகும், நீங்கள் புத்தகம் அள்ள உரப்பையோடு போனீர்கள்.

எத்தனை மாடிப்படி ஏறினோம்? உங்களுக்கு அப்போதே முழங்கால் வருத்தம். லிப்ற் இல்லாத தொடர்மாடியில் நாலாம் மாடி என்றால், ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இவங்க எல்லாம் ஏன் கீழ் வீட்டுல குடியிருக்க மாட்டாங்க?" என்று என்னைப் பேசுவீர்கள், ஏதோ நான்தான் ஏற்றி வைத்ததுபோல.

ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் இருந்தாரே, மகளோடு அவுஸ்திரேலியா போக இருந்தவர். மகள் தருகிறேன் என்று சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டா. ஐயாவோ அறைக் கதவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு புத்தகமும் தரமாட்டாராம். நான் வாங்கோ போவோம் என்று உங்கட கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் நிலத்திலேயே இருந்துவிட்டீர்கள். எந்தப் புத்தகம் எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த மழையில் வாங்கினது என்று இரண்டு மணித்தியாலம் கதை கேட்டீர்கள்.

கடைசியில் அவர் கேட்டார். "அதுசரி சிஸ்டர், உங்கட சமயப் புத்தகத்துக்குப் பக்கத்தில என்ர சைவப் புத்தகங்களை வைப்பியளோ?"

"ஒரே சுவருல வைப்பேன் ஐயா. ஒங்க புத்தகத்த எடுத்தா என் கோயில் சுவர் ஓட்டயாயிடும்."

அந்த மனுசன் எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஒவ்வொன்றாகத் தூசி தட்டித் தந்தார். ஓட்டோ வரைக்கும் தானே சுமந்து வந்தார்.

அன்று பின்னேரம்தான் செக்பொயின்றில் மறித்தார்கள். நாலு உரப்பை நிறையத் தமிழ்ப் புத்தகம். அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறேன், பொலிஸ் பதிவுத் துண்டு கைப்பைக்குள் தேடினால் காணவில்லை. ஆமிக்காரப் பொடியன் பையைத் துவக்கால் தட்டி, "மே மொனவத சிஸ்டர்?", இதெல்லாம் என்ன என்று கேட்டான். நீங்கள் கொஞ்சமும் அசையாமல், "பித்தியக் மல்லி. பள்ளியே பித்தியக்" என்றீர்கள். சுவர் தம்பி, கோயில் சுவர்.

அவன் ஒரு நிமிஷம் உங்களைப் பார்த்தான், சிரித்துவிட்டான். சிரித்ததற்காக விட்டானோ? இல்லை. நாலு பையையும் றோட்டில் கொட்டச் சொன்னான், ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். ஒரு மணித்தியாலம் போனது. ஆனால் திரும்ப அள்ளிப் போடும்போது அவனும் குந்தி இருந்து அள்ளினான். நீங்கள் அவனுக்கு ஊர் எது, அம்மா இருக்கிறாவா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகத்துச் சனத்தோடு வளர்ந்த உங்களுக்குச் சிங்களமும் வாய் நிறைய வரும், பயம் மட்டும் வராது. எனக்குப் பயம் மட்டும்தான் வந்தது.

திருநாளுக்கு மூன்று நாள் முதல் கடைசித் தட்டும் நிறைந்தது. நின்ற புத்தகத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் மெல்லிசுப் புத்தகங்களைக் குறுக்கே படுக்கவைத்து அடைத்தோம். நீங்கள் உங்கட பக்கம் நின்று, "இங்க ஒரு பொட்டு வெளிச்சம், தங்கச்சி! இன்னும் வலக்கைப் பக்கம்!" என்று கத்த, நான் ஏணியில் நின்று அடைத்தேன். திருநாள் முடியும்வரை ஒரு புத்தகமும் வெளியே போகக்கூடாது என்று கட்டளையும் போட்டீர்கள்.

பார்த்தீர்களா எங்கட மூளையை? நூலகம் கட்டினோம், அதில் இருந்து ஒரு புத்தகம் எடுத்தால் கோயில் சுவரில் ஓட்டை விழும். இரண்டு பேரும் படித்தவர்கள். மூன்று மாசமாக ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

அந்தக் கட்டளையை நான் மீறினேன் சிஸ்டர். இதையும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். திருநாளுக்கு முதல்நாள், சோதனை எடுக்க இருந்த ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை தாவரவியல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரீச்சர், ஒரு இரவுக்குத் தாங்கோ" என்றாள். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துப் புத்தகங்களைத் தள்ளி நெருக்கிவிட்டால் தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்தது. பாதர் வந்து உங்கட பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார், என்ர பக்கத்து லைற் எல்லாம் போடச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்க்கிறேன். இருட்டு அறை, ஒரே ஒரு இடத்தால் வெளிச்சம் வந்து நேரே பீடத்துக்கு முன்னால் நிலத்தில் விழுந்தது. சபை முழுக்க அதைத்தான் பார்த்தது. என்ர ஒரு புத்தகத்தால் நூலகம் முழுக்கப் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"சிஸ்டர், வெளிச்சம் வருதே" என்றார் பாதர்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஆமா பாதர். அங்க இருந்த புத்தகத்த ஒரு பிள்ள வீட்டுல வச்சு வாசிக்குது" என்றீர்கள்.

பாதர் நிலத்தில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாசிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நற்கருணைப் பேழையைத் திறந்தார். அதுக்குப் பிறகு அந்த ஓட்டைக்குள் தன்ர பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் செருகினது வேறு யாரும் இல்லை, மிஸிஸ் ஜோக்கிம்தான். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, நான் அதுக்கும் நூலக இலக்கம் போட்டுவிட்டேன்.

யாரோ ஒரு பிள்ளை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அன்று உங்களிடம் பொய் சொன்னேன். நீங்கள் நம்பின மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. உங்களுக்குத் தெரியும், என்ன?

அதுக்குப் பிறகு ஒன்பது வருஷம். பள்ளிக்கூடம் விட்டு ஐந்தரை மணிவரை லொட்ஜுப் பிள்ளைகள் என்ர பக்கம் இருந்து படிக்கும், நீங்கள் உங்கட பக்கம் அலுமாரியோடு ஒட்டின கதிரையில் இருந்து செபிப்பீர்கள். குண்டு வெடித்த நாளும் திறந்திருந்தது, சுற்றிவளைப்பு நடந்த அடுத்த நாளும் திறந்திருந்தது. அந்த ஐந்தரையைத் தாண்டி ஒருநாளும் வைத்திருக்கமாட்டீர்கள், இருட்ட முதல் பிள்ளைகள் வீடு போய்ச் சேரவேணும். எத்தனை பிள்ளைகள் அந்த மேசையில் இருந்து பல்கலைக்கழகம் போனதுகள்!

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். எனக்கு விரதம், உங்களுக்கு இறைச்சி ஆகாது. மீன் உங்களுக்கு ஆகும்தான், எனக்காக அதையும் விட்டீர்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கீரையைப் பிசைந்துகொண்டு ஒரு கதை சொன்னீர்கள். இளம் வயதில் நீங்கள் சேர விரும்பினது இந்த மடம் இல்லையாம். கதவடைத்து, கதையே இல்லாமல், நாள் முழுக்கச் செபம் மட்டும் செய்கிற மடமாம். "எனக்கு அமைதின்னா அவ்ளோ ஆசை, தங்கச்சி. சாமி என்னைக் கொண்டுவந்து ஆயிரம் பொம்பளப் பிள்ளைகளுக்கு நடுவுல வச்சிட்டாரு."

அதைக் கேட்ட நாளில் இருந்து நான் அந்த நூலகத்தின் காவல்காரி ஆகிவிட்டேன். ஒரு பிள்ளை வாய் திறந்தால் போதும். "உஷ்! சிஸ்டர் அங்கால செபிக்கிறா, தெரியாதோ?" அலுமாரிக்குக் கிட்டப் போய் நின்று குசுகுசு என்று ஏதும் கேட்டால், அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டு. உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அதனால்தான் மிஸிஸ் ஜோக்கிம் அமைதியான கோயில் என்று சொன்னதும் கை தானாக மேலே போனது. உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாத அமைதியை இப்போதாவது கொடுப்போம் என்று நினைத்தேன்.

இனி, போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேணும்.

உங்கட பெயர்க் கல்லை எந்த உயரத்தில் பதிக்கலாம் என்று பார்த்துவரச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உங்கட பக்கத்துக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் திருநாளுக்கும் கூட்டுவதற்கும் தவிர நான் அந்தப் பக்கம் வந்து இருந்ததே இல்லை. கோயில் என்றால் கோயில், நான் சைவக்காரி, அது உங்கட இடம் என்று ஒரு மரியாதை. வந்த களைப்பில் உங்கட கதிரையில் இருந்துவிட்டேன். தாள் ஓரங்கள் எல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்தன. பொரளையில் உங்களுக்கு மண் போட்ட அன்று வராத அழுகை அப்போது வந்தது.

அந்த நேரம் என்ர காதுக்குப் பக்கத்தில், மூன்றாம் தட்டில், ஒரு புத்தகம் மெல்ல அசைந்தது. அந்தப் பக்கம் ஒரு கை அதை வெளியே இழுத்தது. தடித்த பழைய கூட்டுறவுச் சட்டப் புத்தகம், கிளாக்கர் ஐயா தந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையும் இரவல் எடுக்காத புத்தகம். ஆனால் அட்டை மட்டும் கிழிந்து கிழிந்து நான் மூன்று தரம் ஒட்டியிருக்கிறேன். யார் இந்தச் சனியனை இழுத்து இழுத்து வைக்கிறது என்று கத்தியும் இருக்கிறேன்.

என்ர வாய் பழக்கத்தில் "உஷ்" என்று சொல்லத் திறந்துவிட்டது. அதற்குள் ஒரு பிள்ளையின் குரல் வந்தது, மெல்லிசாக.

"சிஸ்டர், நீங்கள் இல்லையெண்டு தெரியும். எனக்கு வேற ஒருத்தரும் இல்லை. சொல்லிப்போட்டுப் போறன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன், சாகும்வரை ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன். எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, பயப்படாதேங்கோ, அலுமாரி முகத்தை மறைக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினைந்து பதினாறு வயது இருக்கும் பிள்ளை ஒன்று அப்படி ஒரு பாரத்தைப் பள்ளிக்கூடப் பையோடு சேர்த்துச் சுமந்துகொண்டு தினமும் என்ர மேசையைக் கடந்து போயிருக்கிறது. அவளையும் பார்த்து நான் உஷ் என்றிருப்பேன்.

இருந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. உங்கட கதிரை ஏன் பீடத்துக்கு முன்னால் இல்லாமல் அலுமாரியோடு ஒட்டி இருந்தது என்று விளங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, வாய் உலர்ந்து கிடந்த நேரம், "மூணாம் தட்ட மட்டும் நெருக்கி அடுக்காதீங்க தங்கச்சி" என்று சொன்னீர்களே. மருந்து மயக்கத்தில் ஏதோ அலட்டுகிறீர்கள் என்று நினைத்து நான் நெற்றியைத் தடவிவிட்டேன். அமைதிக்கு அவ்வளவு ஆசைப்பட்ட மனுசி, அந்த ஆசையைத் தூக்கி வைத்துவிட்டு ஒன்பது வருஷம் அந்த ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்னோடு இருந்து சாப்பிட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு உங்களில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பிறகு, இப்படி ஒருத்தியோடு ஒரு கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேனே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அவள் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"கேட்குதா சிஸ்டர்?"

அவள் என்னைக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கேட்குது பிள்ளை" என்றேன்.

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"ஆர், பவானி ரீச்சரோ?"

"ஓம்."

வராந்தாவில் யாரோ சீமெந்து மூட்டையை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கும் இருப்பியளோ ரீச்சர்?"

"இருப்பன்" என்று சொல்லிவிட்டேன் சிஸ்டர். கேட்காமல் கொள்ளாமல் உங்கட கதிரையில் இருந்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் சனிக்கிழமை இதை வாசித்து முடித்த கையோடு, அதே இடத்தில் நின்று, தூக்கின கையை இறக்குகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லப் போகிறேன். நாக்கு ஒட்டினால் ஒட்டட்டும். கொம்பியூட்டரை மேல்மாடிக்குக் கொண்டுபோகட்டும், அதுக்குப் பிள்ளைகளின் கதை கேட்க வேண்டிய தேவை இல்லை. சீமெந்தைக் கழிப்பறைத் திருத்தத்துக்குக் கொடுக்கட்டும், அதுவும் உங்கட பெயரில்தான் இருக்கும், நீங்கள் சிரிப்பீர்கள். மிஸிஸ் ஜோக்கிம், உங்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஓட்டை அடைக்க முதலில் ஓடிவந்த ஆள் நீங்கள். இந்த ஒன்றை அடைக்காமல் விடுங்கோ.

எனக்கு உங்களைப்போல் செபிக்கத் தெரியாது. காது கொடுத்துக் கேட்கவும் தெரியாது, முப்பது வருஷம் வகுப்பில் நான் கதைக்கப் பிள்ளைகள் கேட்டுத்தான் பழக்கம். ஆனால் ஐந்தரை மணிவரைக்கும் அந்தக் கதிரை வெறுமையாக இருக்காது. இனி என்ர வாயில் இருந்து "உஷ்" என்ற சொல் வராது. இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம்.

இப்படிக்கு,
பேசாமல் இருக்க இனித்தான் பழகப் போகிற உங்கட சைவத் தங்கச்சி,
பவானி